நான் போய்விட்டதாகப் பத்துப் பாட்டு

நான் அவளை விட்டுப் போய்விட்டதைப் பற்றி என் மனைவி பத்துப் பாட்டு எழுதியிருக்கிறாள். நான் எங்கேயும் போகவில்லை. அந்தப் பத்துப் பாட்டுக்கும் பேஸ் வாசித்தவன் நான்தான். ஸ்பீக்கர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியவனும் நான்தான். விட்டுப் போனவன் எதற்காக ஸ்பீக்கர் தூக்குகிறான் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எங்களுடையது நாலு பேர் சேர்ந்த பேண்ட். எந்தக் கம்பெனியும் எங்களைச் சீண்டாததால் நாங்களே எழுதி, நாங்களே பதிவு செய்து, நாங்களே விற்கிறோம். இதைச் சுதந்திர இசை என்கிறார்கள். நாதியில்லாத இசை என்று சொன்னாலும் பொருத்தமாகத்தான் இருக்கும். மனைவி பாடுவாள், கிட்டார் வாசிப்பாள், பாட்டெல்லாம் அவளுடையது. அவள் தம்பி, அதாவது என் மச்சான், வயலின். டிரம்ஸ்காரனை அவசரம் என்று கூப்பிடுவோம். ஆரம்பித்த வேகத்தில் ஒரு பாட்டையும் அவன் முடித்ததில்லை. நான் ஆளுயரப் பேஸ். நின்றபடி, கட்டிப் பிடித்துக்கொண்டு வாசிக்கிற பெரிய மரக் கருவி. அதற்கு எங்கள் வேனில் இடம் போதாது. பின்னால் படுக்கப் போட்டால் அதன் கழுத்து முன் சீட்டுகளுக்கு நடுவில், எனக்கும் மனைவிக்கும் இடையில் வந்து நிற்கும். கல்யாணமான புதிதில் அவள் அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தாள். அப்போது நாங்கள் எல்லாவற்றுக்கும் சிரிப்போம்.

பேஸ் வாசிப்பவனை யாரும் கவனிப்பதில்லை. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை, வேலை அப்படி. கூட்டத்தில் யாருக்காவது கம்பி அறுந்தால், வரி மறந்தால், அவசரம் குச்சியைக் கீழே போட்டால், பேஸ் மட்டும் நிற்கக் கூடாது. அவர்கள் தட்டுத் தடுமாறி வழி கண்டுபிடித்துத் திரும்பி வரும்வரை நான் அதே நாலு சுரங்களைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு முறை நிகழ்ச்சி நடுவில் மின்சாரம் போய், இருட்டில் நான் ஒருத்தன் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தேன். விளக்கு வந்ததும் எல்லோரும் சரியான இடத்தில் சேர்ந்துகொண்டார்கள். கைதட்டல் வயலினுக்குப் போனது.

எங்கள் வேனில் ஒரு சட்டம் உண்டு. பாட்டு யாரைப் பற்றி என்று கேட்கக் கூடாது. போட்டவன் நான். முதல் ஆல்பத்தில் பொய் பேசும் தம்பி ஒருவனைப் பற்றி ஒரு பாட்டு இருந்தது. அது தன்னைப் பற்றியதா என்று மச்சான் கேட்டான், அவளும் ஆமாம் என்று சொல்லிவிட்டாள். பிறகு வயலின் இல்லாமலே கொஞ்ச காலம் ஓட்ட வேண்டியிருந்தது. அவனைச் சமாதானப்படுத்தி அழைத்து வந்த அன்றே சட்டம் போட்டேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நாலாவது ஆல்பம்வரை அதற்கு ஒரு பங்கமும் வரவில்லை.

நாலாவது ஆல்பத்தின் முதல் பாட்டை அவள் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து பாடிக் காட்டினாள். அவன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான் என்று ஆரம்பிக்கிறது. நான் என்னையறியாமல் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன். சாவி இருந்தது. சுருதி என்ன என்று கேட்டேன். சொன்னாள். வாசித்தேன்.

இரண்டாவது பாட்டில் அலமாரி பாதி காலி. மூன்றாவதில், அவன் போன பிறகு குழாய்கூடச் சொட்டுவதை நிறுத்திவிட்டது. இங்கேதான் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அந்தக் குழாய் தானாக நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்க்குக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, முகத்தில் துரு விழ, வாஷர் மாற்றியவன் நான். சட்டம் இருந்ததால் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பாட்டு நன்றாகவும் இருந்து தொலைத்தது.

பகலில் நான் ஒரு டைல்ஸ் கிடங்கில் வேலை செய்கிறேன். பெட்டிகளை லாரியிலிருந்து இறக்கி, உடைந்ததைத் தனியாக அடுக்கி, வண்டி ஓட்டிக் கடைகளில் போட்டுவிட்டு வருவேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சாய்ந்தால் காலையில்தான் விழிப்பு. அவள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கிறாள். நாள் முழுக்க வலியோடு வருகிறவர்களிடம் நேரம் சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வரும்போது அவளிடம் பேச்சு மிச்சமிருக்காது. சனி ஞாயிறு நிகழ்ச்சி. வேனில் நான் ஓட்டுவேன், அவள் தூங்குவாள், நடுவில் சக்களத்தி. இதில் எங்கே சண்டை போட நேரம்? நாங்கள் சண்டையே போடவில்லை. அதனால்தான் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆல்பம் முடியும் முன்னாலேயே இரண்டு பாட்டை இணையத்தில் போட்டோம். அம்மா போன் செய்தாள். எடுத்ததும் நான் எங்கே தங்கியிருக்கிறேன், சாப்பாட்டுக்கு என்ன செய்கிறேன் என்று கேட்டாள். வீட்டில்தான் இருக்கிறேன் என்றேன். எந்த வீட்டில் என்றாள். அம்மாவுக்குப் புரிய வைப்பதற்குள் வாய் வலித்துவிட்டது, அப்போதும் அவள் நம்பினாளா தெரியாது. நிகழ்ச்சி முடிந்ததும் முன்பின் தெரியாத பெண்கள் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு தைரியமாக இருக்கச் சொன்னார்கள். நான் அவளுக்குப் பின்னால் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒருத்தி என்னைப் பார்த்து, ஓரமாகப் போய்ச் சுற்றும்படி கையைக் காட்டினாள்.

ஏழாவது பாட்டு வந்தபோது எனக்குத் தெளிவாகிவிட்டது. இது என்னைக் கிளம்பச் சொல்லும் நோட்டீஸ். நேரில் சொல்ல மனம் வராமல் பாட்டாகச் சொல்கிறாள். இத்தனை வருஷம் கூட இருந்தவனுக்கு இவ்வளவு நாசூக்காகச் சொல்கிறாளே என்று ஒரு பக்கம் நன்றியாகக்கூட இருந்தது. இன்னொரு பக்கம் ஆத்திரமாக இருந்தது. கிடங்குக் கணக்கர் வீட்டில் மாடி அறை ஒன்று காலியாக இருந்தது. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், பேஸை நிறுத்த ஒரு மூலை. அவர் சாவியைக் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் வரச் சொன்னார். அதை வீட்டுச் சாவியோடு சேர்க்காமல் இன்னொரு பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். ஆல்பம் முடியட்டும், பதிவின் நடுவில் பேஸ்காரன் ஓடிப்போனால் நன்றாக இருக்காது என்று நினைத்தேன். சொல்லப்போனால், பத்தாவது பாட்டுக்காகக் காத்திருந்தேன்.

பத்தாவது பாட்டுக்குக் கடைசிச் சரணம் இல்லை. இரண்டு சரணம் எழுதிவிட்டாள். அவன் போகிறான், அவள் கதவருகில் நிற்கிறாள். அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்று அவளுக்கு வரவில்லை. எப்போது கேட்டாலும் வரும், வரும் என்றாள். என் தலையெழுத்தே அந்தச் சரணத்தில் இருப்பதாக நான் நம்பினேன். அதில் அவள் கதவைச் சாத்திவிட்டால், நான் அன்றைக்கே பெட்டியைக் கட்டுவதாக முடிவு செய்திருந்தேன்.

தையல் பட்டறை ஒன்றின் மேல்மாடியில்தான் ஒலிப்பதிவு. கீழே மெஷின்கள் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பதிவு செய்ய முடியும். பேஸின் சத்தம் எல்லா மைக்கிலும் போய் விழுகிறது என்று சவுண்ட் இன்ஜினியர் என்னைப் பக்கத்து ஸ்டோர் ரூமில் நிறுத்தினார். மாப், வாளி, பழைய நாற்காலிகள், நான். மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்து வாசிப்பார்கள். எனக்கு ஹெட்ஃபோனில் சத்தம் மட்டும் வரும். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த அறை பிடித்திருந்தது. யாரும் ஒன்றும் கேட்காத அறை.

கடைசி ஞாயிறு. இன்று முடிக்காவிட்டால் இசைத்தட்டு அச்சடிக்கிற இடத்தில் எங்கள் முறை போய்விடும், பிறகு பல மாதம் காத்திருக்க வேண்டும் என்று இன்ஜினியர் சொன்னார். மத்தியானத்துக்கு மேல் பத்தாவது பாட்டை எடுத்தோம். முதல் டேக்கில் இரண்டாம் சரணம் முடிந்ததும் நிறுத்திவிட்டு, இன்னும் வரவில்லை என்றாள். இரண்டாவது டேக்கிலும் அப்படியே. எல்லோரும் டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்ததும், இந்த முறை நடுவில் நிறுத்தப்போவதில்லை, வந்ததைப் பாடிவிடுகிறேன் என்று அவள் ஹெட்ஃபோனில் சொன்னாள். நான் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

முதல் சரணம் போனது. இரண்டாவது போனது. பல்லவியைப் பாடி முடித்தாள். கடைசிச் சரணம் தொடங்க வேண்டிய இடத்தில் அவள் குரல் நின்றது. கிட்டார் நின்றது. அடுத்த அடியில் வயலின் நின்றது. பிறகு டிரம்ஸும் நின்றது.

கம்பி அறுந்திருக்கும் என்று நினைத்தேன். கை தன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. ஒரு சரணத்தின் நீளம் முழுக்க வாசித்தேன். யாரும் திரும்பி வரவில்லை. மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். ஹெட்ஃபோனில் என் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. ஒரு நாற்காலி நகரவில்லை, யாரும் இருமவில்லை. எல்லோரும் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள், என்னிடம் சொல்லத்தான் மறந்துவிட்டார்கள் என்று தோன்றியது. அப்போது எனக்கு வந்த துக்கத்துக்கு அளவில்லை. இவ்வளவுதான், இப்படித்தான் ஆகும் என்று எனக்கு முன்பே தெரிந்த மாதிரி இருந்தது. விரல் நுனி எரிந்தது. நிறுத்திவிட்டு வெளியே போய் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் நான் நிறுத்தினால் அவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார்கள்? வாசித்துக்கொண்டே இருந்தேன்.

ஸ்டோர் ரூம் கதவு திறந்தது. மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம்தான் வாசிப்பே?"

"நீங்க திரும்பி வர்ற வரைக்கும்," என்றேன். கை இன்னும் நிற்கவில்லை.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பல் டாக்டரிடம் நின்று நின்று அவளுக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது. அது எனக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது. நான் வாசிப்பதை நிறுத்தினேன். நானே போட்ட சட்டத்தை நானே உடைத்தேன்.

"இந்தப் பாட்டு யாரைப் பத்தி?"

"இதைக் கேக்க உனக்குப் பத்துப் பாட்டு ஆயிடுச்சு," என்றாள். "உன்னைப் பத்திதான். வேற யாரைப் பத்தி?"

"நான் எங்க போனேன்?"

"அதுதான் எனக்கும் தெரியல. உன் சட்டை கொடியில காயுது. செருப்பு வாசல்ல கிடக்கு. சாப்பிட்ட தட்டைக் கழுவி வெச்சிருக்கே. ஆளைத்தான் காணோம். வேனுக்கு டீசல் போடணும்ங்கறதைத் தவிர, கடைசியா எப்ப என்கிட்ட ஒரு விஷயம் சொன்னே?"

யோசித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காத எரிச்சலில் பாக்கெட்டில் கைவிட்டு, கணக்கர் கொடுத்த சாவியை எடுத்து வாளிக்குப் பக்கத்தில் அலமாரியில் வைத்தேன். ரூம் பார்த்துவிட்டதாகச் சொன்னேன். ஆல்பம் முடிந்ததும் கிளம்புவதாக இருந்ததையும் சொன்னேன்.

அவள் பழைய நாற்காலி ஒன்றை இழுத்து உட்கார்ந்தாள்.

"நிஜமாவே போறதா இருந்தியா?"

"நீதானே போகச் சொன்னே. ஒவ்வொரு பாட்டுலயும்."

"ஒண்ணுலயாவது போன்னு இருக்கா? யோசிச்சுப் பாரு."

ஒவ்வொன்றாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். இல்லை. ஒன்றில்கூட இல்லை. எல்லாப் பாட்டிலும் ஒருத்தி வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். விளக்கை அணைக்காமல் இருக்கிறாள், தாழ்ப்பாள் போடாமல் இருக்கிறாள், இன்னொரு தட்டையும் எடுத்து வைக்கிறாள். எத்தனை நூறு தடவை வாசித்திருப்பேன்! அவன் போய்விட்டான் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்திருக்கிறது. அவள் காத்துக்கொண்டிருப்பது விழவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. கேட்டிருப்பேன், ஆனால் சட்டம் இருந்ததே என்று முனகினேன்.

"அது வேனுக்குப் போட்ட சட்டம்," என்றாள். "வீட்டுக்கு யார் போட்டா?"

பிறகு அவளே சொன்னாள். கடைசிச் சரணத்தில் எல்லோரும் நிறுத்திவிட வேண்டும் என்று டீ குடிக்கும்போதே எனக்குத் தெரியாமல் தம்பியிடமும் அவசரத்திடமும் சொல்லி வைத்திருக்கிறாள். நான் நிறுத்திவிட்டு வெளியே வந்து சத்தம் போடுவேன், கோபமாகவாவது இரண்டு வார்த்தை பேசுவேன், அதையே சரணமாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறாள். நான் நிறுத்தவே மாட்டேன் என்று அவளுக்குத் தோன்றவில்லையாம். பாதியிலேயே மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டதாம்.

"குழாயை நான்தான் சரி பண்ணினேன்," என்றேன். அந்த நேரத்தில் சொல்ல வேண்டிய விஷயமே இல்லை அது. ஆனால் வெகுநாளாக நெஞ்சில் கிடந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தானா நின்னுடுச்சுன்னுல்ல நினைச்சேன். சொல்லியிருந்தா அந்தப் பாட்டே வந்திருக்காது."

"நல்ல பாட்டுதான்."

"நல்ல பாட்டுதான்," என்றாள். கொஞ்ச நேரம் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ரொம்ப அசதியா இருக்கு."

"எனக்கும்."

இன்னொரு நாற்காலியில் நானும் உட்கார்ந்தேன். அதற்கு ஒரு கால் ஆடியது. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. வீட்டிலும் இப்படித்தான் பேசாமல் இருப்போம். ஆனால் இது வேறு. மச்சான் கதவிடுக்கில் தலையை நீட்டி, மைக் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லும்வரை அப்படியே இருந்தோம்.

முழுவதும் பதிவாகியிருந்தது. கதவு கிறீச்சிட்டது, அவள் குரல், என் குரல், குழாய்க் கதை எல்லாம். அழித்துவிடட்டுமா என்று இன்ஜினியர் சங்கடத்தோடு கேட்டார். மனைவி வேண்டாம் என்றாள். பாட்டு யாரைப் பற்றி என்று இவர் கேட்கும்வரை இருக்கட்டும், அதற்கு மேல் வெட்டிவிடுங்கள், பதில் இவருக்கு மட்டும்தான் என்றாள். ஆல்பம் அப்படித்தான் முடிகிறது.

திங்கட்கிழமை சாவியைக் கணக்கரிடம் திருப்பிக் கொடுத்தேன். வீட்டில் சமாதானம் ஆகிவிட்டதா என்று கேட்டார். பேசிக்கொண்டிருக்கிறோம் என்றேன். அதுதான் உண்மை. இப்போது தூங்குவதற்கு முன் ஆளுக்கு ஒரு விஷயம் சொல்வதென்று வைத்திருக்கிறோம். எந்த டைல்ஸ் பெட்டி உடைந்தது என்று நான் சொல்வேன், யார் பல்லைப் பிடுங்கியதும் அழுதார்கள் என்று அவள் சொல்வாள். சில நாள் அதற்கும் தெம்பில்லாமல் பழையபடி விழுந்து தூங்கிவிடுகிறோம். களைப்பு எங்கேயும் போகவில்லை.

ஆல்பம் ஓரளவு போயிற்று. ஒரு விமர்சகர், கடைசிச் சரணத்துக்குப் பதிலாக வரும் தனி பேஸ், விட்டுப் போகிறவனின் காலடிச் சத்தம் என்று எழுதினார். இறுதியில் கேள்வி கேட்கும் ஆண் குரல் யாரோ தேர்ந்த நடிகருடையதாம். அம்மா மறுபடி போன் செய்து, இப்போது எங்கே தங்கியிருக்கிறேன் என்று கேட்டாள்.

ஒரே ஒரு சிக்கல். மேடையிலும் பாட்டை அப்படித்தான் முடிக்க வேண்டியிருக்கிறது. எல்லோரும் நிறுத்துவார்கள். நான் தனியாக வாசிப்பேன். அவள் மைக்கை விட்டு என் பக்கம் வருவாள். நான் கேட்க வேண்டும், கூட்டம் அதற்காகக் காத்திருக்கிறது. கேட்டதும் அவள் மக்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் காதில் எதையாவது சொல்வாள். முதல் நிகழ்ச்சியில் ஒன்றும் சொல்லவில்லை, என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். இன்னொரு முறை, தம்பி சுருதி இறங்கி வாசிக்கிறான் என்றாள். போன வாரம் கணுக்கால் வலி தாங்கவில்லை, சீக்கிரம் முடி என்றாள்.

நேற்று அவள் வந்து நின்றபோது நான் கேட்டேன். அவள் நெற்றியைச் சக்களத்தியின் கழுத்தில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

"நிறுத்தாதே," என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நிக்கறேன்."

கூட்டம் எதற்காகவோ கை தட்ட ஆரம்பித்திருந்தது. விரல் நுனி எரிந்தது. நான் மறுபடி முதலிலிருந்து வாசித்தேன்.